நான் ஒட்டிய இறக்கை

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசை இனி எனக்கில்லை. அண்ணன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்துவிட்டான். எடையே இல்லாத பால்சா மரத் தகடுகள், கம்பிகள், ரப்பர் சக்கரங்கள், போர்வை அளவுக்கு ஒரு வரைபடம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த பழைய காலத்து விமானம். நாமே ஒட்டிக் கட்டி ரிமோட்டில் பறக்கவிட வேண்டுமாம்.

"எப்பண்ணா முடியும் இது?"

"உன் கை இருந்தா சீக்கிரம்."

அண்ணி பிரிந்துபோய், அண்ணன் என்னிடம் வந்து தங்கிய பிறகு இன்றுதான் அவன் சிரித்துப் பார்க்கிறேன். குளிர்காலம் முழுக்க வேலைவிட்டு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஆள். அவனோடு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர்கள்கூட, ஏதாவது பொழுதுபோக்கு பிடித்துக்கொள்ளச் சொல்லும்மா என்றார்கள். மேசை போனால் போகட்டும். தட்டை மடியில் வைத்துக்கொண்டால் சோறு இறங்காதா என்ன.

மார்ச் 5

வேலைப் பிரிவினை ஆயிற்று. எலும்புக்கூடு எனக்கு, மோட்டார், ஒயர், பேட்டரி அவனுக்கு. பல்செட் செய்கிற லேபில் நாளெல்லாம் மெழுகில் பல் அடுக்குகிற கைக்கு இது பெரிய வித்தை இல்லை. இறக்கையின் விலாக்களைப் பிளேடால் அறுத்து, உப்புத்தாள் போட்டு, பசை தொட்டு நிறுத்தி, காயும்வரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து போக முடியாது. அதனால் பேச்சு வருகிறது.

"குட்டிக்கு இந்நேரம் முன்பல்லு விழுந்திருக்கும்" என்றேன்.

அண்ணன் ஒயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஓர் அலுவலக அறையில், யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மகளைப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒருமுறைகூடப் போகவில்லை. ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம்.

பாவம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

பசை வாங்க, விமானச் சாமான் விற்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் பெட்டியின் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "முதல்தடவைக்கு இதையா எடுத்தீங்க? பாக்க லட்சணமா இருக்கும், மெதுவாத்தான் போகும். ஆனா இறக்கறப்ப காலை வாரிவிட்டுரும்."

"மெதுவாப் போனாப் போதும்" என்றான் அண்ணன்.

ஞாயிறு காலையில் பறக்கவிடுகிறவர்கள் எல்லாரும் கூடும் மைதானம் ஒன்று இருக்கிறது, வாருங்கள், சொல்லித் தருகிறோம் என்றார் அவர். கூட்டம் தனக்கு ஒத்துவராது என்று அண்ணன் சொல்லிவிட்டான். திரும்பும்போது எனக்குத் தலைவலி மாத்திரையும் அவனாகவே வாங்கித் தந்தான். கேட்காமலே.

மார்ச் 12

கீழ் இறக்கையில் ஒரு விலா மயிரிழை சாய்ந்துவிட்டது. அண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"சாஞ்சிருக்கு."

"உப்புத்தாள் போட்டா சரியாயிடும்ணா."

புன்னகைத்தான். பிறகு உள்ளங்கையை இறக்கையின்மேல் வைத்து அழுத்தினான். வேகமில்லை. ஒரு விலா, அடுத்த விலா, அதற்கடுத்தது என்று நொறுங்கிக்கொண்டே போயிற்று. முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை. அதைத்தான் என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. கையைத் தட்டிவிட்டு, "முதல்லேர்ந்து பண்ணு" என்றான். டீ கேட்டான். போட்டுக் கொடுத்தேன்.

அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "உங்கண்ணன் கத்தினாப் பரவாயில்ல. கத்தவே மாட்டாரு." இதெல்லாம் ஒரு புகாரா என்று அன்றைக்கு நினைத்தேன்.

மார்ச் 13

புது மரம் வாங்கி வைத்திருக்கிறான். மறுபடி விலாக்களை அறுத்தேன். ஏன் அறுத்தேன்?

மார்ச் 19

இரண்டு இறக்கையும் முடிந்தன. குறை சொல்ல இடமில்லாமல் செய்திருக்கிறேன், என்னையே மெச்சிக்கொள்ளலாம். இனி மேலே தாள் ஒட்ட வேண்டும். இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் தாள் சுருங்கி, மத்தளம் மாதிரி இறுகிவிடுகிறது.

நான் சிவப்பு ஒட்டலாம் என்றேன். அண்ணன் சாம்பல் நிறம் வாங்கி வந்திருந்தான். மழைமேகம் கலைந்த வானத்தின் நிறம்.

"கீழேர்ந்து பாத்தா தெரியக்கூடாது" என்றான்.

"தெரியறதுக்குத்தானே பறக்க விடறோம்?"

"மேல் பக்கம் வேணா நீ சிவப்பு போட்டுக்க. அங்கேர்ந்து யாரு பாக்கப்போறா."

சிவப்பே வேண்டாம் என்றுவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

வயிற்றுப் பகுதியில் ஒரு குழி விடச் சொல்லியிருந்தான். பேட்டரிக்கு என்று நினைத்திருந்தேன். இன்று அதில் விரல்நகம் அளவுக்கு ஒரு கேமராவைப் பொருத்தினான். அது பார்ப்பதெல்லாம் அவனுடைய போனில் வருகிறது. என் உச்சந்தலையை அதில் பார்த்து, இவ்வளவு நரையா என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு விமானத்தை இரு கையாலும் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினான். எதிர்வீட்டுத் தாத்தா பனியனோடு உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியவே தெரியாது பாரு" என்றான்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நகம் வெட்டுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

லேபில் பிளாஸ்டர் அச்சு வார்க்கிற அக்காவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நம் வீட்டு விஷயம்.

மார்ச் 29, ஞாயிறு

சாயங்காலம் அண்ணன் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தண்ணீர் சுத்தம் செய்யும் நிலையத்துக்குப் பின்னால் காலி மனை. தரை இறுகிக் கிடக்கிறது, ஓடுபாதைக்கு வாகு. இன்று பறக்கவிடவில்லை, தரையில் ஓட்டிப் பார்க்க மட்டும்தான். விசிறி சுற்ற, கோழி மாதிரி குடுகுடுவென்று ஓடியது. கைதட்டினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக மாடிவீடுகள். ஒரு மாடியில் ஒருத்தி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு.

அண்ணி.

எங்கே குடியிருக்கிறார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் வீடு மாறினார். எனக்குக்கூடத் தெரியாது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தலை நிமிரவே இல்லை. சக்கரத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்ல எடம், இல்ல?" என்றான். "இந்த நேரத்துல வெயில் நமக்குப் பின்னாடி. அங்கேர்ந்து இப்படிப் பாத்தா கண்ணு கூசும்."

மார்ச் 30

கேட்டுவிட்டேன்.

"அது அண்ணி வீடு."

"யாரு இல்லைன்னா?"

"கிட்ட போகக்கூடாதுன்னு கோர்ட்ல சொல்லியிருக்காங்களேண்ணா."

"நான் எங்க போறேன்? விமானம்தானே போகுது."

"குட்டியப் பாக்கணும்னா அந்த சனிக்கிழமை போயிட்டு வாயேன். நானும் கூட வரேன்."

"குட்டிய யாரு கேட்டா?"

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குட்டியை யார் கேட்டார். அவன் இதையும் சாதாரணமாகத்தான் சொன்னான். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எப்போது விளக்கு அணைகிறது, அது தெரிந்தால் போதுமாம்.

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?"

வாலை அசைக்கிற சின்ன மோட்டாரின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 1

அவன் குளிக்கப் போனபோது வாலைத் தொட்டுப் பார்த்தேன். கீலுக்குள் ஊசிபோல ஒரு கம்பி. அதை உருவிவிட்டால் மேலே போனதும் கதை முடியும். பாதி உருவினேன். அப்புறம் — எங்கே விழும்? யார் தலையில்? மாடியில் குட்டி விளையாடிக்கொண்டிருந்தால்?

திருப்பிச் செருகிவிட்டேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து முதலில் வாலைத்தான் பார்த்தான். என்ன செய்வேன் நான், என்ன செய்வேன், கூடப் பிறந்தவனாச்சே.

ஏப்ரல் 2, வியாழன்

பிளாஸ்டர் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கையிலிருந்த பிளாஸ்டர் மாவைக்கூடக் கழுவாமல் என்னை லேப் போனுக்கு இழுத்துக்கொண்டு போனார். அண்ணியின் வக்கீலுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அண்ணியே கூப்பிட்டார்.

கடைசிவரை கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு, "நீயும் சேந்து கட்டினியா?" என்றார்.

"றெக்கை ரெண்டும் நான் ஒட்டினது அண்ணி."

"நல்லாத்தான் ஒட்டியிருப்பே."

குத்தலாகச் சொன்ன மாதிரி இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

"இன்னிக்கே கிளம்பறோம். எங்கன்னு உங்கிட்ட சொல்லப்போறதில்ல. தப்பா எடுத்துக்காத."

"சொல்லாதீங்க அண்ணி."

"நீயும் அங்க இருக்காத" என்றார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பிளாஸ்டர் அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

"நீ ஒட்டின றெக்கை, நீ பாக்க வேணாமா?" என்று சாயங்காலம் கூப்பிட்டான். மாட்டேன் என்றால் தெரிந்துவிடும். போனேன்.

எழும்பியது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் — அழகாக இருந்தது. வெயில் தாளில் ஊடுருவி விலாக்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. என் கை செய்தது, ஆடாமல் அசையாமல் போகிறது. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் வானத்தைப் பார்க்கவே இல்லை. ரிமோட்டில் கட்டியிருந்த போனைத்தான் பார்த்தான். நானும் பார்த்தேன். மாடி. கொடியில் ஒரு துணிகூட இல்லை. ஜன்னல்களில் திரை இல்லை, உள்ளே வெறும் சுவர். ஒரு சுற்று வந்தது, இன்னும் தாழ்வாக இன்னொரு சுற்று. வாசலில் உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்று.

"ஆள் இல்ல" என்றான்.

ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். விமானம் ஒருக்களித்துக்கொண்டே போய்த் தண்ணீர் நிலையத்துச் சுவரில் மோதியது. அந்தச் சத்தத்துக்குக்கூட அவன் திரும்பவில்லை.

"யாரு சொன்னா?"

"நான்தான்."

என் மணிக்கட்டைப் பிடித்தான். முறுக்கவில்லை. கட்டைவிரலை எலும்பின்மேல் வைத்து, பசை காயும்வரை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டே நின்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலிக்குதுண்ணா, விடுண்ணா, விடு. தெருவில் ஒரு வேன் திரும்பியது. விட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. நேராக இங்கே வந்தேன்.

ஏப்ரல் 7

வக்கீல் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள். லிஃப்ட் கம்பெனிக்கு அண்ணன் வரவில்லையாம்.

ஏப்ரல் 10

பிளாஸ்டர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் துணைக்கு வர, வீட்டுக்குப் போனேன். அண்ணனின் துணிமணி எதுவும் இல்லை. மேசையைக் காலி செய்து, பசைக்கறைகூட இல்லாமல் துடைத்து வைத்திருக்கிறான். சமையலறைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறான். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன.

அவனிடம் இருந்த சாவியை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை.

ஏப்ரல் 11

பூட்டை மாற்றியாயிற்று. பூட்டுக்காரர், "திருட்டு ஏதாவதாம்மா?" என்றார். இல்லை என்றேன்.

ஏப்ரல் 16

யாரும் வரவில்லை. போனும் இல்லை. இது நல்லதா?

ஏப்ரல் 25, சனி

அண்ணி வரச்சொன்னார். குட்டி என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, கடைக்குள் நின்று யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்து, வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வக்கீல் சொல்லிக் கொடுத்த முறை.

அண்ணி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அப்புறம் "வா, சாப்பிட்டியா?" என்றார். மணிக்கட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் முழங்கைக்குப் பக்கத்தில் ஒருமுறை தடவிக்கொண்டார், அவ்வளவுதான்.

குட்டிக்கு முன்பல் இரண்டும் இல்லை. "அத்தை, இங்க வா, இப்ப ரயில் வரும்" என்று என்னை ஜன்னலுக்கு இழுத்தாள். நின்றேன். எதிரே இருந்த மொட்டைமாடிகளைப் பார்த்தேன். கீழே நிறுத்தியிருந்த பைக்குகளைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன்.

"பாத்தியா அத்தை? நீலக் கலரு!"

அதற்குள் ரயில் போய், தண்டவாளம் காலியாக இருந்தது.

"பாத்தேன்டா" என்றேன்.