ரெஜியை வரச் சொல்லவில்லை

அக்டோபர் 30, வியாழன்

மதியத்திலிருந்து மழை. பின்கட்டுத் தகரம் ஒழுகுகிறது. வாளி வைத்தாயிற்று.

ஆபீசில் முதலாளி லிம் என் கடைவீட்டுப் பிளானில் கையெழுத்துப் போட்டான். வரைந்தது நான், கையெழுத்து அவன். பட்டம் அவனிடம் இருக்கிறது. "நீங்க வரைஞ்சா பார்க்கவே வேணாம் அங்கிள்" என்றான், ஆங்கிலத்தில். பாராட்டாம்.

இருட்டுகிற நேரத்தில் மகள் ரெஜி போன். அவள் கட்டடக் கலை படிக்கிற ஸ்காட்லாந்தில் அப்போது காலை. எடுத்ததும் அழுகை. என்ன ஏது என்று புரியவே கொஞ்ச நேரம்.

நேற்று வகுப்பில் படங்களைச் சுவரில் மாட்டி, எல்லார் முன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டுமாம். கொடுத்த வேலை, ஆற்றங்கரையில் முதியவர்களுக்கு ஒரு இல்லம். இவள் போட்டது: நான்கு பக்கமும் ஆழமான கூரை நீட்டம், தெற்கே ஜன்னலே இல்லாத சுவர், படுக்கையறை எல்லாம் வடக்கே. பேராசிரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கிழவர்கள் என்ன பாவம் செய்தார்கள், வெயிலே படக்கூடாது என்று?" எனக் கேட்டாராம். வகுப்பே சிரித்ததாம்.

அங்கே குளிர்காலத்து வெயில் தெற்கே, தாழ்வாக, கொஞ்ச நேரம்தான் வருமாம். அதைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் அந்த ஊர்க் கட்டடக் கலையில் பாதியாம்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான்ப்பா போட்டேன்."

உண்மை. சின்ன வயதிலிருந்து சொன்னேன். வீடு கட்டுவது என்றால் வெயிலை வெளியே நிறுத்துவது. மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்கிறவன் மடையன். எங்கள் உலு திராமில் அது வேதம்.

நானும் அந்த ஊருக்குப் படிக்கப் போனவன்தான். ஒரு வருடம் என்று போய், செப்டம்பர் அக்டோபர் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பினேன். குளிர்காலத்தைப் பார்க்க விடவில்லை. அங்கே வெயில் விருந்தாளி என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்கு வந்துர்றேன்ப்பா. திரும்பிப் போகல. முடியல."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.


நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

பூசை முடிந்து கல்லறைத் தோட்டம். தூறல். மெழுகுவர்த்தி நிற்கவில்லை. மேரி குடையைத் தன் மாமனார் கல்லறைமேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தாள்.

அண்ணன் சூசையும் அண்ணியும் மூவாரிலிருந்து வந்திருந்தார்கள். அவன் தோளில் கை போட்டான்.

"என்னடா தம்பி, மக குளிரு தாங்குறாளா? உன் கோட்டைக் குடுத்து அனுப்பினியா?"

அண்ணி சிரித்தாள். அவன் விடவில்லை, பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்கும் கேட்கும்படி: "ரெண்டு மாசம் படிச்சிட்டு ஒரு கோட்டோட திரும்பி வந்தவன்லா என் தம்பி. இந்த ஜொகூர் வெயில்ல அதை எங்க போடுறது? அய்யோ அலமாக்!"

என்னைத் திரும்பக் கூப்பிட்டதே அவன்தான். "அப்பா உன்னையே கேக்குறாரு. உடனே வா. லேட் பண்ணாத" என்று விடுதிக்குப் போன். அழுதுகொண்டே வந்து இறங்கினேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு மைலோ குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வலி இல்லையாம், வாயுவாம். அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். அண்ணன் அடுத்த மாதமே மூவாரில் மாமனாரின் பர்னிச்சர் கடைக்குக் குடிபோனான். அப்பாவோடு இருக்க ஆள் தேவைப்பட்டது. அதற்குத்தான் அந்தப் போன்.

கல்லறைக்குப் பூ வைக்கும்போது இதை நினைக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன்.


நவம்பர் 5, புதன்

தகரத்துக்கு ஆள் சொல்ல. கார் ரோட் டாக்ஸ். மேரிக்கு இருமல் மருந்து.

மருந்து வாங்கி வந்து கொடுத்தபோது மேரி கதவைச் சாத்தினாள். இடது மார்பில் கட்டி. என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். பட்டாணி அளவு இல்லை. பெரிது.

"எப்பலருந்து?"

"ரெஜி போனதுக்கு அப்புறம் பாத்தேன். ஏதோ நெறி கட்டியிருக்குன்னு விட்டுட்டேன்."

ரெஜி போனது ஆகஸ்ட் கடைசியில். சோறு போட்டாள், சாப்பிட்டேன்.


நவம்பர் 7, வெள்ளி

ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரி. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வர நாளாகும். டாக்டர், சின்னப் பெண், மலாய்க்காரி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தே பேசினாள். நல்ல அறிகுறி இல்லை.

திரும்பும்போது திராம் ரோட்டில் ஜாம். மேரி வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ரெஜிகிட்ட மூச்சு விடக்கூடாது."

"சரி."

"சும்மா சரி சொல்லாதீங்க. அவ ஏற்கெனவே ஓடி வரக் காரணம் தேடுறா. இதைச் சொன்னா வந்துருவா. வந்தா திரும்பப் போக மாட்டா. உங்களத் தெரியாதா எனக்கு."

தெரியும்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னைச் சகித்தவள்.


நவம்பர் 11, செவ்வாய்

ரெஜி இரண்டு நாளாக வகுப்புக்குப் போகவில்லையாம். படுத்தே இருக்கிறாளாம். திட்டினேன். பிறகு இறங்கி வந்து சொன்னேன்: படத்தை விடு, வெளியே போ, வெயில் வரும்போது அந்த ஊர்க் கிழவர்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று பார்.

"மழைதான்ப்பா வருது."

"இங்கயும் மழைதான்."

சிரித்தாள். இந்த மாதத்தில் முதல்முறை. சிரிப்போடு சிரிப்பாக, "அம்மா எங்க? அம்மாகிட்ட குடுங்க" என்றாள். மேரி வாங்கி, மீன் குழம்பு, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, பாதிரியார் பிரசங்கத்தில் தூங்கி விழுந்தது எல்லாம் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வைத்தபின் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.


நவம்பர் 18, செவ்வாய்

வந்துவிட்டது. புற்றுதான். கக்கத்திலும் பரவியிருக்கலாம், திறந்தால்தான் தெரியுமாம். அடுத்த வாரம் ஆபரேஷன்.

லிம்மிடம் விடுப்பு. "டேக் யுவர் டைம் அங்கிள்." இந்த முறை குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பையன்தான். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

அண்ணி வாயிலாக அண்ணனுக்குத் தெரிந்து போன் செய்தான்.

"பொண்ணை வரச் சொல்லுடா. ஆம்பள நீ என்ன பாப்ப? குளிக்க வைக்க, துணி மாத்த… பொம்பளப் பிள்ள வேணும் வீட்ல. நீ சொல்லலேன்னா நான் பேசுறேன் அவகிட்ட."

"நீ ஒரு போன் பண்ணினது போதும்."

"எந்தப் போன்?"

"அப்பா கேக்குறாருன்னு பண்ணின போன்."

அவன் கடை வாசலில் லாரி ரிவர்ஸ் எடுப்பது கேட்டது. "நானா பண்ணினேன்? நீயா தானே வந்த? குளிர் ஒத்துக்கலன்னு வந்தேன்னு தானே எல்லார்கிட்டயும் சொன்ன?"

நடிக்கவில்லை. குரல் தெரியாதா எனக்கு. அவனுக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருடம் நான் தனியாகத் தூக்கி வைத்திருந்தேன்.

ரெஜியிடம் பேச மாட்டேன் என்று மட்டும் சத்தியம் வாங்கினேன். அழுதான். மேரியை அவனுக்குப் பிடிக்கும்.


நவம்பர் 26, புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். தாலியும் ஜெபமாலையும் என் சட்டைப் பையில். மதியம் தாண்டி வெளியே. இடது பக்கம் முழுதும் எடுத்தாயிற்று. கக்கத்திலும் இருந்ததாம்.

ரெஜியிடமிருந்து ஒரு படம்: பென்சிலால் ஒரு பெஞ்சு, சுவரில் சாய்ந்த இரண்டு கிழவர்கள், கோட்டு, தொப்பி. கீழே "தெற்குச் சுவர்ப்பா" என்று எழுதியிருந்தாள். போய்ப் பார்த்திருக்கிறாள். நல்ல கோடு. என்னைவிட நல்ல கோடு. வார்டு வராந்தாவில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பதில் எழுதவில்லை. எழுதினால் வேறு ஏதாவது எழுதிவிடுவேன்.


நவம்பர் 28, வெள்ளி

மேரி மருந்து மயக்கத்தில்: "ரெஜி வந்துட்டாளா?"

"வருவா."

தெளிந்தபின் மறுபடி: "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நீதானே சொல்லாதேன்ன."

"ஆமா. சொன்னேன்ல." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மனம் மாறிவிட்டது. வாய்விட்டுக் கேட்க மாட்டாள். நானாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்தது. புரியாதவன்போல் போர்வையைச் சரிசெய்தேன்.


நவம்பர் 30, ஞாயிறு. திருவருகைக் காலம் முதல் ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. பூசைக்குப் போகவில்லை. கஞ்சி நான் வைத்தேன், உப்புக் கூடிப்போனது. மேரி குடித்தாள். ரத்தம் வடியும் குழாயை மறைக்க ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தாள் அண்ணி. ஆஸ்பத்திரியில் துணைக்கு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளைப் பற்றி முன்பு நினைத்ததெல்லாம் அதிகம்.

மழை விட்ட நேரம் ரெஜி போன். ஹாலில் நின்று எடுத்தேன்.

"டிக்கெட் பாத்துட்டேன்ப்பா. பதினெட்டாம் தேதி. நீங்க சரின்னா போட்டுருவேன்."

"பெஞ்சு வரைஞ்சியே, நல்லா இருந்துச்சே."

"அதுக்கு நாலு நாளா பதில் வரல. பரவால்ல. மேடம் நல்லா இருக்குன்னாங்க. ஆனா முடியலப்பா. தனியா இருக்க முடியல. நீங்க ரெண்டு பேரும் இப்ப சரியாவே பேசுறதில்ல. என்னமோ மாதிரி இருக்கு."

இப்போது கிளம்பினால் வருடம் போகும். திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வா" என்று ஒரு எழுத்து. சொன்னால் மேரி எழுந்து உட்காருவாள். நானும்தான். பிறகு ரெஜி இங்கே ஏதோ ஒரு லிம்முக்கு வரைந்து கொடுப்பாள்.

"வராத" என்றேன்.

"என்னப்பா?"

"வராதன்னா வராத. வருஷம் முடிச்சிட்டு வா."

"நீங்க மட்டும் திரும்பி வந்தீங்க? நீங்க தோத்துட்டீங்கன்னு நான் இங்க கெடந்து சாகணுமா?"

அழுதாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

அறையிலிருந்து மேரி: "யாரு, ரெஜியா? குடுங்க… குடுங்க இங்க." குரல் அவளுடையதே இல்லை. தொண்டையில் குழாய் போட்ட புண், காற்றுதான் வருகிறது.

கொடுத்தால் "வா" என்றுவிடுவாள்.

"வெச்சிட்டா" என்றேன், மேரிக்குக் கேட்கும்படி. போன் காதில்தான் இருந்தது.

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"அப்பா, அது அம்மாவா? அம்மா குரல் ஏன் அப்படி இருக்கு?"

துண்டித்தேன்.

இதை எழுதும்போது மறுபடி போன் அடிக்கிறது. மேரிக்கும் கேட்கிறது.