மாஸ் முக்கியம்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஃபியூஸ் இன்னும் வரவில்லை. இன்றோடு பத்து நாள். முதலாளி அன்பழகன் அண்ணனைக் கேட்டால் "வரும்மா, வரும்மா" என்கிறார். ஆர்டர் போட்டால்தானே வரும்?

தட்டாஞ்சாவடி ஷெட்டில் சேர்ந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. வேனை வீடாக மாற்றிக் கொடுக்கிற இடத்தில் பேட்டரியும் வயரிங்கும் என் பொறுப்பு என்று பேர். பேர்தான். கேட்ட சாமான் ஒன்றும் வராது.

இப்போது நிற்பது அஞ்சலாட்சி அம்மாவுடைய வேன். முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர், தனி ஆள். கன்னியாகுமரி வரைக்கும் வேனிலேயே போகப் போகிறாராம். படுக்கைக்கு அடியில் நாலு பேட்டரி. அதுக்கு மேலதான் அந்தம்மா படுத்துத் தூங்கணும். ஃபியூஸ் இல்லாம பலகைய எப்படி மூடுறது? ஒரு வயர் தேஞ்சி பாடியில உரசினா போதும், நாலு பேட்டரில இருக்கறதும் அந்த ஒரு வயர்ல இறங்கிடும். நிறுத்த ஒண்ணும் கிடையாது.

6 ஆகஸ்ட், புதன்

அஞ்சலாட்சி அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டுக் காட்டினார். "தம்பி, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். மாஸ் மட்டும் நல்லா இருக்கணும். மாஸ் ரொம்ப முக்கியம்."

அறுபத்தி நாலு வயசு! ஷெட்டே சிரித்தது. நானும்தான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வேனைச் சுற்றி நீல லைட்டாம், கூரை மேல் ஒரு வரிசையாம், பஸ் ஹாரனாம்.

7 ஆகஸ்ட்

லைட் வந்துவிட்டது. ஒரே நாளில்.

9 ஆகஸ்ட், சனி

சண்டை. தொண்டை கட்டிவிட்டது.

ஃபியூஸுக்குப் பதிலாக, வீட்டு மெயின் போர்டில் மாட்டுகிற எம்.சி.பி. ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். அண்ணா, இது வீட்டு கரண்டுக்கு, பேட்டரி கரண்ட இது அறுக்காது, உள்ளயே பொறி நின்னு எரியும்னு எத்தன தடவ சொல்றது. அதற்கு அவர் பதில் — அப்போ அதுவும் வேணாம், நேரா குடுத்துடு. இன்னா மனுஷன் இவரு!

இன்னொன்று. இன்வெர்ட்டருக்கு பாசிட்டிவ் கட்டைவிரல் தடிமன் கேபிளில் போட்டாச்சு. நெகட்டிவுக்கும் அதே தடிமன் வேண்டும். போன கரண்ட் அவ்வளவும் அது வழியாகத்தானே திரும்பணும்? அந்த கேபிளுக்கு வைத்திருந்த காசு லைட்டுக்குப் போய்விட்டது. ஒல்லி வயர் ஒன்றை நீட்டி, "எர்த்துதானே, பாடியில முடுக்கி விடு" என்கிறார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மூடிட்டேன். ஃபியூஸ் இல்லாம, அந்த ஒல்லி வயரோடயே.

லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. பார்த்தியா, ஒண்ணும் ஆகல என்றார் அண்ணன். பலகையை வைத்து எட்டு ஸ்க்ரூவையும் நானே முடுக்கினேன். ஏன் முடுக்கினேன்? வேற யாராவது முடுக்கியிருப்பாங்க, அதான? வேல போயிடும்னு பயம். அப்படியே எழுதிக்கறேன், பயம்.

வீட்டுக்காரர் அதீப் சாப்பிடக் கூப்பிட்டதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

14 ஆகஸ்ட், வியாழன்

அஞ்சலாட்சி அம்மா வேனை எடுக்க வந்தார். நீல லைட்டைப் பார்த்துவிட்டு, "இது இன்னா தம்பி, சாமி ஊர்வலமா?" என்றார். நீங்கதானம்மா மாஸ் கேட்டீங்க என்று அண்ணன் பல்லைக் காட்டினார். அந்தம்மாவுக்கு விளங்கவில்லை. உள்ளே போய் படுக்கையில் உட்கார்ந்து, காபிக்குத் தண்ணீர் வைத்து கரண்ட் அடுப்பைப் போட்டார்.

லைட்டையும் ஃபேனையும் தாங்கின வயர், அடுப்பு இழுக்கிற கரண்டைத் தாங்காது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிளாஸ்டிக் கருகுற நாத்தம். அந்தம்மா பதறவில்லை. அடுப்பை நிறுத்தினார், இன்வெர்ட்டரை நிறுத்தினார், எழுந்து நின்று பலகையைக் காட்டித் திற என்றார். எட்டு ஸ்க்ரூ. அவசரத்தில் ஒன்று கைநழுவி எங்கேயோ உருண்டுபோனது. உள்ளே அந்த ஒல்லி வயர் உருகி ப்ளைவுட்டில் ஒட்டிக் கிடந்தது. மரம் பழுப்பாக மாறியிருந்தது.

அந்த வயரைப் பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் காட்டினார். "இதுதான் மாஸ். பாடி எர்த்து. பிரான்சுல பஸ் டிப்போவுல இருவது வருஷம் வயரிங் பாத்தேன், இதுக்கு மாஸ்னுதான் பேரு. இதத்தான் தம்பி சொன்னேன்."

அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே. சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை, ஏனென்றால் அந்தம்மா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீதான் போட்டியா?"

"ஆமாம்மா."

"இது தாங்காதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் மூடுனியா?"

அந்தம்மா நாலு பேட்டரியின் வயரையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சேதராப்பட்டில் வேறு ஷெட்டில் கொடுக்கப் போகிறாராம்.

15 ஆகஸ்ட்

லீவு. அண்ணன் போன். திட்டு. வயர் உருகியதற்கு இல்லை. "தெரியும்னு ஏம்மா சொன்ன?" என்று.

20 ஆகஸ்ட்

அஞ்சலாட்சி அம்மாவுக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனதுதான் உள்ளே கிடந்து அறுக்கிறது. இத்தனை நாளும் அண்ணனையே திட்டித் திட்டி எழுதியிருக்கிறேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

புது வேன். காலாப்பட்டு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள். பேட்டரி மேல் இருக்கும் படுக்கை பிள்ளைகளுக்கு.

ஃபியூஸ் வரவில்லை. வெள்ளிக்கிழமை டெலிவரி, மூடிடு என்றார் அண்ணன். மாட்டேன் என்றேன். குரல்கூட உயரவில்லை, எனக்கே ஆச்சரியம். அப்போ நானே மூடிக்கறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனவர், ரொம்ப நேரம் தரையிலும் டப்பாக்களிலும் தேடிக்கொண்டிருந்தார்.

எட்டு ஸ்க்ரூவும் என் கைப்பையில் வீட்டுக்கு வந்துவிட்டன.