ஒன்பதாவது சாவி

கிளைவுக்கு,

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். 'சுரங்கப் பூனை' கணினி விளையாட்டை நீ தனியாக எழுதியதாகவும், உன் அக்கா கேசட்டுகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியதாகவும் அதில் இருக்கிறது. ஒட்டியதும் நான்தான், மறுக்கவில்லை.

ஷெஃபீல்டில், கம்பளக் கடைக்கு மேலிருந்த நம் அறையில், விளையாட்டு வெளிவந்த மறுவாரமே தொலைபேசி ஓயவில்லை. ஒன்பதாவது அறைக் கதவு திறக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். "புத்திசாலிக்குத்தான்டா திறக்கும்" என்று ஒவ்வொருவனிடமும் சொன்னாய்.

"ஏன்டா பொய் சொல்றே?" என்றேன்.

"சும்மா இரு, அக்கா. தப்புன்னு சொன்னா கேசட்டைத் திருப்பி அனுப்புவானுங்க. இப்படிச் சொன்னா நாலு பேரைக் கூட்டிட்டு வந்து உட்காருவானுங்க."

என்ன தப்பு என்று இந்த இருபத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட நீ கேட்கவில்லை.

போன வாரம் கணினி அருங்காட்சியகத்துக்காரர்கள் உன்னைப் பேட்டி கண்டு படம் எடுத்தபோது, கதவை வேண்டுமென்றே பூட்டியதாகவும் சாவியை நிலக்கரி அறையில் ஒளித்துவைத்ததாகவும் சொல்லியிருக்கிறாய். அதை எனக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள்.

நீ சொன்னது பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. ஆகவே இனி உனக்குச் சொல்லலாம். கணினி, விளையாட்டின் அறைகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும்; ஒன்பதாவது அறை அதற்கு எட்டு. நிரலில் அறைக்கொன்றாகச் சாவிகளை வைக்கும்போது நான் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டேன். கடைசிச் சாவி, விளையாட்டிலேயே இல்லாத ஓர் அறைக்குப் போய்விட்டது. யாராலும் அதை எடுக்க முடியாது.

அந்தத் தப்பு என்னுடையது. அதை உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். நிரலின் எந்த வரியில் இருக்கிறது என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டேன்.

அக்கா