அஸ்மா பையில் என் செருப்பு

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். காலையிலேயே கரண்ட் கட்.

அஸ்மாவுக்கு மறுபடி வயிற்றுவலி. எட்டரைக்கு வரும், பள்ளிக்கூட மணி அடித்ததும் போய்விடும். டாக்டரிடம் காட்டியாச்சு, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரும் குடித்தாச்சு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. ஜன்னல் கம்பியைப் பிடித்தால் நானும் ஆட்டோக்காரரும் சேர்ந்தாலும் விரலைப் பிரிக்க முடியவில்லை.

சவூதியிலிருந்து அவர் போனில், "ரெண்டு போடு போட்டு அனுப்பு புள்ள." இங்கே வந்து போட்டுப் பார்க்கட்டும்.

மாவு அரைக்கணும்.

ஜூலை 8, செவ்வாய்

நாத்தனார் மீன் கொண்டுவந்தாள். கூடவே புத்தியும். "செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே." சரி என்றேன். மீன் நல்ல மீன்.

ஜூலை 9, புதன்

வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்தார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். தரையில் உட்கார்ந்து அஸ்மாவோடு புளியங்கொட்டை விளையாடினார்.

"ஸ்கூல்ல யாரும் அடிச்சாங்களாடா?"

இல்லை.

"பின்ன என்னம்மா?"

கொட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஸ்கூல்ல இருந்தப்பதான் அத்தா போனாக. அம்மாவும் அப்படிப் போயிட்டா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பெருநாள் முடிந்து அவர் கிளம்பிய அன்று, பிள்ளை அழுவாள் என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வேன் ஏறினார். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அழுகையை மிச்சம் பிடிப்பதாக நினைப்பு.

ஜூலை 10, வியாழன்

டீச்சர் சொன்னவை: அடிக்காதே, இழுக்காதே, பொய் சொல்லாதே. இப்போதைக்கு மத்தியானம் வரை இருந்தால் போதும்.

"என்ன செஞ்சா போவே?" என்று அவளையே கேட்டேன்.

யோசித்தாள். "ஒன் செருப்புல ஒண்ணக் குடு."

"எதுக்குடி?"

"ஒத்தச் செருப்போட எங்கனயும் போக முடியாதுல்ல."

சிரித்துவிட்டேன். அப்புறம் அடுக்களைக்குள் போய் அழுதேன். கொடுத்த செருப்பைக் கேரி பேக்கில் சுற்றிப் புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தானாக ஆட்டோ ஏறினாள். மத்தியானம் வந்ததும் வாசலில் மற்றச் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தாள்.

ஜூலை 11, வெள்ளி

இன்று சாயங்காலம் வரை இருந்தாள்! அல்ஹம்துலில்லாஹ்.

உப்பு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போவேன் என்று காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். வெறுங்காலில் போனேன், ரோடு சுட்டது. வேறு செருப்பு இருக்கிறது. போட்டால் ஏமாற்று வேலை.

ராத்திரி அவர் வீடியோ கால். பையிலிருந்து செருப்பை எடுத்துக் காட்டினாள். கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"அன்னைக்கு ஒங்க செருப்பயும் எடுத்து வச்சிருந்தா நீங்க போயிருக்க மாட்டீகள்ல அத்தா?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். முகம் தெளிவாகத்தான் தெரிந்தது.