வசந்திக்கு எடுத்துவைத்த புட்டு

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததில் இருந்து மழை. இந்த நாட்டில் ஜூன் குளிர்காலம். ஹீட்டருக்கு மேல் இவர் கட்டும் சாரம் இரண்டு காய்கிறது. வாங்க வேண்டியது: மருந்து, பால், கிடைத்தால் மரவள்ளி.

காலை புட்டும் சம்பலும். இவர் பாதியைச் சாப்பிட்டார். மீதியைப் பேப்பர் டவலில் சுற்றி ஜாக்கெட் பைக்குள் வைத்தார். ஆருக்கு என்று கேட்டேன்.

"வீட்டுக்கு. வசந்திக்கும் பிள்ளைக்கும். லீவு கிடைச்சா பின்னேரம் போயிடுவன்."

வசந்தி இவருடைய முதல் மனைவி. இவர் இயக்கத்தில் சேர்ந்து காவலரணில் நின்ற காலம். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் வீட்டில் ஷெல் விழுந்து அவளும் கைக்குழந்தையும் போனது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொன்னார். பிறகு முப்பது வருஷம் அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை. இப்போது மறதி நோய். மறக்காத பெயர் அது ஒன்றுதான்.

இவர் கணக்கில் நான் முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட ரீச்சராம். 'நீங்கள்' போட்டு மரியாதை. இவ்வளவு காலமும் என்னை உரிமையோடு 'இஞ்சேரும்' என்று கூப்பிட்ட மனுஷன்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. காற்று.

மகள் ஆரணி, மங்கரேயில் வேலையிடத்தில் இருந்து, இடைவேளையில் போன். "அம்மா, டோன்ட் கரெக்ட் ஹிம். ஜஸ்ட் அக்ரீ." அவளுக்குச் சுலபம். வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான்.

ஆனால் அவள் சொல்வது சரி. உதாரணத்துக்கு, முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை அம்மா வேணும் என்று அழும். வரமாட்டா என்று எந்த ரீச்சரும் சொல்வதில்லை. மணி அடிக்கட்டும், வருவா என்போம். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு வித்தியாசம், அந்த அம்மாக்கள் மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை.

வசந்தியை நினைத்து இவர் ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்க்கும் முகம். எனக்காக அப்படி நின்றதில்லை. நியூ லின் ஸ்டேஷனில் என்னை ஏற்ற வந்த நாளிலும் காருக்குள் இருந்து ஹாரன் அடிப்பார். அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னும் இருபத்துமூன்று வயது. முழங்கால் நோகாது.

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஜாக்கெட் பையில் முந்தாநாள் இடியப்பம். புளித்த மணம். "ஆருக்கு ஒளிச்சு வைக்கிறியள்? அவை ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். நான்தான் உங்கட மனுசி."

இப்போதுதான் செய்தி வந்ததுபோல் நின்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து அழுதார். "ஆர் பாத்தது? ஆர் சொன்னது?" கையைப் பிடிக்கப் போனேன். மெதுவாக இழுத்துக்கொண்டார். வேற்றுப் பெண் அல்லவா.

தேத்தண்ணி குடித்ததும் மறந்துவிட்டார். எனக்கு அந்த வசதி இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். சாரம் ஒருவழியாகக் காய்ந்தது.

புட்டு. வழக்கம்போல் பாதியைச் சுற்றினார். பைக்குள் வைக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"ரீச்சர், லீவு தரமாட்டாங்கள் போல. நீங்கள் அந்தப் பக்கம் போறனீங்கள்தானே. இதை வசந்தியிட்டைக் குடுத்துவிடுங்கோ."

"ஓம், குடுக்கிறன்."

தெருமுனை பஸ் தரிப்பிடம்வரை போனேன். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஹில்ஸ்பரோ தெருவில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் குப்பைத்தொட்டி. போடவில்லை. தரிப்பிட வாங்கில் உட்கார்ந்து, சுற்றியதைப் பிரித்துச் சாப்பிட்டேன். முழுவதும். அவளுக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

திரும்பி வர, வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை?"

"நித்திரை."

"அவள் சாப்பிட்டவளோ?"

"சாப்பிட்டவ. உப்புக் குறைவாம்."

அவள் மேல் ஒரு குறை விழட்டும் என்று, வேண்டுமென்றுதான் சொன்னேன்.

சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க. "அவள் அப்பிடித்தான் ரீச்சர். என்ன குடுத்தாலும் ஒரு குறை சொல்லாட்டி அவளுக்குச் செமிக்காது."

நான் இவரை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

"நாளைக்கும் கொண்டுபோய்க் குடுப்பியளோ?"

ஓம் என்றேன்.

நாளைக்கு உப்பைக் கூட்டவேண்டும்.