ஊதாச் சட்டைக்காரி

பட்டிப்புலம்
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் சுவேதாவுக்கு அம்மா சொர்ணம் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, தம்பி ஹேமந்த், நான் மூவரும் உடம்புக்குச் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க எல்லையம்மன் துணையிருக்கட்டும். மனசுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிக்காதே, போனில் எழுதினால் அதையும் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவாய், அதனால் மிளகாய்த்தூள் பார்சலில் வைத்து அனுப்புகிறேன். அப்பா போட்டின் இன்ஜின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது, கடலும் சரியில்லை, கிடைக்கிற சங்கரா மீனையும் நண்டையும் கேளம்பாக்கம் ஃபிளாட்டுகளில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மீன் வந்தால் சொல்ல வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துக் கொடுத்தது நீதான். அதில் அனுப்புகிற பொம்மைகளில் ஊதாச் சட்டை போட்ட ஒரு பெண் கையைப் பக்கத்தில் விரித்து நிற்கிறாளே, மாமல்லபுரத்து ரிசார்ட்டில் நான் மீன் போடப் போகும்போது வாசலில் நிற்கும் பெண் அப்படித்தான் கையைக் காட்டி உள்ளே வாங்க என்பாள். இது அதுதானே என்று உன்னிடம் கேட்டேன். அதேதாம்மா, தைரியமா போடு என்றாய். நானும் வஞ்சிரத்துக்கும் போட்டேன், காலை வணக்கத்துக்கும் போட்டேன். நம் கரையில் ஒருத்தி கையை அப்படி வைத்து இடுப்பை ஒடித்தால் அடுத்தது சண்டை என்று எனக்குத் தெரியாதா, ஆனால் போனில் இருப்பவள் சிரிக்கிறாள், படித்த மகளும் சரி என்கிறாள், வேறு யாரைக் கேட்பேன்.

கேளம்பாக்கம் ஃபிளாட்டில் நம்மிடம் மீன் வாங்கும் பிரபாவதியம்மாவின் வீட்டுக்காரர் போன மாசம் தவறிவிட்டார். உன் காலேஜ் சீட்டுக்காக உன்னைக் கூட்டிக்கொண்டு வெயிலில் அலைந்த மனுஷன். அந்த அம்மா குரூப்பில் செய்தி போட்டார்கள், சாவு மதுராந்தகத்தில், இங்கே அப்பாவுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல், நான் இருக்கேன், கூப்பிடுங்க என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் போட்டேன். காரியமெல்லாம் முடிந்து பார்க்கப் போனால் கதவைப் பாதி திறந்து, மீனு வாணாம் என்று சொல்லிச் சாத்திவிட்டார்கள். எதிர் ஃபிளாட்டு ஹரிப்ரியாதான் தன் போனை நீட்டி, ஆன்ட்டி இது நீங்கதானே, செம கெத்து, சாவுக்கு இந்தப் பொம்மைய போட்டு அதுக்கு இன்னா இப்போன்னு கேக்குறீங்க என்று சிரித்தாள். பார்த்தால் உன் இன்ஸ்டாகிராம் பக்கம். சாவுச் செய்தி, அதன் கீழே நான் போட்ட பொம்மை, மேலே எங்கம்மா ஆட்டிட்யூட் என்று உன் எழுத்து. ஊரே சிரித்திருக்கிறது. பிரபாவதியம்மா பெயரை மட்டும் மறைத்திருக்கிறாய். அப்படியென்றால் யார் வீட்டுச் சாவு என்று தெரிந்துதானே போட்டாய். இது தப்பும்மா, அழித்துவிடு என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. பெற்ற பெண் இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை.

அங்கிருந்தே திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மா அழுதுகொண்டே, எல்லாரும் வந்தாங்க, நீ மட்டும் கைய ஆட்டிக்கினு ஒரு பொம்மைய போடுற, அவரு போனது உனுக்கு அவ்ளோ எளக்காரமா பூடுச்சா சொர்ணம் என்று கேட்டார்கள். எனக்கு அர்த்தம் தெரியாதும்மா என்றேன். பொண்ணு படிச்சவதானே, அவ சொல்லலியா என்றார்கள். நீ சொல்லித்தான் போட்டேன், நீதான் அதை வைத்துச் சிரித்தாய் என்று சொல்லியிருந்தால் என்மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்திருக்கும். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வரவில்லை. உனக்கு வந்திருக்கிறது. அவர்கள் என்னை நம்பவில்லை, கதவு மறுபடியும் சாத்தியாயிற்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு ஈரத்தோடு வெளியே போகாதே, அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். பிரபாவதியம்மா நம்பர் பழைய நம்பர்தான். நீ செய்ததை நீயே உன் வாயால் அவர்களிடம் சொல். அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன்.

உன் அம்மா,
க. சொர்ணம்