சேத்திலை போன சப்பாத்து

மொன்ட்ரியால்,
12.10.2004

அன்பான ஜெசிந்தாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உம்மடை இருமல் விட்டிட்டுதோ?

கடலில்லாத ஊருக்கு வரமாட்டன் எண்டு எழுதியிருந்தீர். போன கிழமை கோயில் ஆக்களோடை பஸ்ஸிலை தூரப் போனன். எங்கட மொன்ட்ரியால் ஆறு கடலிலை சேருற பக்கம், சத்தமில்லாத சின்னக் கிராமம். தண்ணி வத்தின சேத்திலை, எங்கட பேசாலையிலை மீனுக்குக் கட்டுற களங்கட்டி மாதிரியே தடி நட்டு வலை கட்டியிருக்கினம்!

சந்தோசத்திலை இறங்கி முழங்கால் மட்டும் புதைஞ்சு போனன். பயப்பிடாதையும், வலைக்காரர் சிரிச்சுச் சிரிச்சு இழுத்துவிட்டார். சப்பாத்துத்தான் சேத்தோடை போட்டுது. அவரின்டை மனுசி ஒரு விலாங்கு தந்தா. தனியச் சமைச்சன், வாயிலை வைக்கேலாது. உம்மடை கறித்தூள் கொஞ்சம் இடிச்சு அனுப்பும்.

வேலைக்கு நேரமாச்சு.

இல்லை, அனுப்ப வேண்டாம். நீரே கொண்டு வாரும். இஞ்சை கடல் இருக்கு.

உம்மடை,
ஞானசீலன்